நன்றி மாஸ்ரர்

கார் நின்றதும் மற்றவர்கள் கதவைத் திறப்பார்கள். எனக்குக் கார் பழக்கிய இவர் கண்ணை மூடுவார். ஒரு கையை டாஷ்போர்டில் வைத்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்த பிறகுதான் சீட் பெல்ட்டைக் கழற்றுவார்.

முதல் நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கார் ஓட்டிய லட்சணத்துக்கு மனுசன் தன் பாஷையில் என்னைத் திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தாலும் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நான் ஒரு குப்பைத் தொட்டியைத் தட்டி விழுத்தியிருந்தேன், ஒரு நாயை மதில் பாய வைத்திருந்தேன், ட்ராம் தண்டவாளத்தின் மேல் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிருந்தேன்.

"என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"நன்றி சொன்னனான்."

"எனக்கோ?"

"உங்களுக்கு என்னத்துக்கு? நீங்கள் கொல்லப் பாத்தனீங்கள். காப்பாத்தினவருக்குச் சொன்னனான்."

அவர் பேசியது இங்கிலீஷ்தான். போலந்தில் பிறந்து, யுத்தம் முடிந்து கப்பலேறி மெல்பேர்ன் வந்து சேர்ந்த யூதருடைய இங்கிலீஷ். ஒரு வசனத்தின் தலை எங்கே, வால் எங்கே என்று தேடிப் பிடிக்க வேண்டும். என்னுடைய இங்கிலீஷும் அப்போது பெரிய திறமில்லை. ஆனால் இத்தனை வருசத்துக்குப் பிறகு அவருடைய குரல் என் காதில் யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்கிறது. அதைத் திருத்த எனக்கு மனமில்லை, அப்படியே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கோல்ஃபீல்டில் ஒரு வாடகை வீட்டில் நானும் கணவரும் ஐந்து வயது மகளும் இருந்தோம். எங்கள் தெருவில் பாதிப்பேர் யூதர்கள். சனிக்கிழமை காலையில் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் தங்கள் கோயிலுக்கு நடந்து போவார்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்களுக்கென்று அந்த நாளில் மெல்பேர்னில் ஒரு கோயில் கிடையாது. குசினி அலுமாரிக்குள் பருப்பு டின்னுக்குப் பக்கத்தில் நல்லூர் முருகன் படம் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றது. விளக்கு வைப்பதென்றால் முதலில் பருப்பை வெளியே எடுக்க வேண்டும்.

இவர் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். அறுபது வயதிருக்கும். கட்டையான ஆள். துணித் தொப்பி, அதைக் கழற்றினால் உள்ளே இன்னொரு சின்ன வட்டத் தொப்பி. பிழைப்பு, கார் ஓட்டப் பழக்குவது. தனக்கும் ஒரு பிரேக் பூட்டிய சின்ன ஜப்பான் கார் வைத்திருந்தார். அந்தப் பிரேக் மிதிகட்டை தேய்ந்து வழவழவென்று இருக்கும். எங்கள் வீட்டில் அவருக்கு 'நன்றி மாஸ்ரர்' என்று பெயர் வைத்தது என் கணவர்.

கணவரே என்னைப் பழக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பழக்கினார். மூன்றாம் நாள் ஒரு ரவுண்டபவுட்டைச் சுற்றிச் சுற்றி வந்தபோது, "இஞ்சரும், நீர் வெளிக்கிடுற எண்ணமில்லையோ, இல்லாட்டி இதுக்குள்ளயே குடியிருக்கப் போறீரோ?" என்று கேட்டார். நான் காரை நடு வட்டத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அன்று சமையல் இல்லை. அடுத்த வாரம் மாஸ்ரர் வந்தார்.

ஆனால் நான் கார் பழகியது சொகுசுக்காக அல்ல. மகளுக்கு முட்டு வருத்தம். ஆஸ்துமா என்று டொக்டர்மார் சொல்வதைத்தான் நாங்கள் முட்டு என்போம். மெல்பேர்னுக்கு வந்த முதல் வசந்தத்திலேயே, பூவும் புல்லும் காற்றும் சேர்ந்து பிள்ளையின் நெஞ்சுக்குள் புகுந்துவிட்டன. ஒருமுறை பின்னேரம் மூச்சு இழுக்கத் தொடங்கி, வீட்டில் போனும் இல்லாமல், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டில் டாக்சிக்காக நின்றேன். ஒவ்வொரு டாக்சிக்குள்ளும் ஆள் இருந்தது. அவளுடைய முதுகு என் கைக்குள் ஏறி ஏறி இறங்கியது. கடைசியில் ரொட்டி விற்கிற ஒரு பாண் வான்காரர் ஏற்றிக்கொண்டு போனார். கணவர் ரயில்வேயில் வேலை, போக வர ரயில். எங்கள் பழைய பெரிய கார் நாள் முழுவதும் வீட்டு வாசலில் சும்மா நிற்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரியும். அடுத்த முட்டு வருவதற்குள் இந்தச் சனியனை ஓட்டப் பழகிவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே எண்ணம்.

இதை மாஸ்ரரிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். "சரி, பழகுவம்" என்றார்.

அவர் வாய் ஓய்ந்ததை நான் கண்டது குறைவு. ஒரு நாள் பெரிய சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. நின்றேன்.

"பாத்தீங்களோ, மிஸிஸ்?" என்றார்.

"என்னத்தை?"

"எல்லாரும் நிக்கினம்."

"சிவப்பெண்டால் நிக்கத்தானே வேணும்."

"ஆர் இவை? ஒருத்தருக்கு ஒருத்தரைத் தெரியாது. அந்த லொறிக்காரன் நினைச்சால் எங்களை அப்பளமாக்கிப்போட்டுப் போகலாம். ஒரு துண்டுச் சிவப்புக் கண்ணாடிக்காக நிக்கிறான். மோசேக்குக் கடல் ஒருக்காத்தான் பிரிஞ்சது. அதை இண்டைக்கும் பாடிக்கொண்டிருக்கிறம். இஞ்ச நாள் முழுக்கப் பிரியுது, ஒருத்தரும் நிமிந்து பாக்கிறேல்லை."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்து, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"அவனும் நன்றி சொல்லுறான். போங்கோ" என்றார்.

சீட் பெல்ட் கட்டாயம் என்று அந்த மாநிலத்தில் சட்டம் வந்தபோது ஊரே முணுமுணுத்ததாம். இவர் மட்டும் சந்தோசப்பட்டாராம். கொக்கி 'டிக்' என்று விழும்போது, "எவ்வளவு நல்ல சத்தம்" என்று தலையை ஆட்டுவார், கச்சேரியில் முன்வரிசையில் இருப்பவர் போல. பிரேக்குக்கு நன்றி, கண்ணாடித் துடைப்பானுக்கு நன்றி, மழையில் வழுக்காத டயருக்கு நன்றி. இந்தக் காலத்தில் ஆகாயத்திலிருந்து நெருப்பு இறங்கி வராது, அற்புதமெல்லாம் இப்போது நட்டும் போல்ட்டும் போட்டுத்தான் வரும், அடையாளம் கண்டுபிடிக்கிறது எங்கள் வேலை என்பார்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் ஓர் இடத்தில் உயிர் தப்பினால், பிறகு அந்த இடத்தைக் காணும்போது, இந்த இடத்தில் எனக்கு அற்புதம் செய்த இறைவனுக்குத் தோத்திரம் என்று சொல்ல வேண்டும். சாதாரண மனுசருக்கு வாழ்க்கையில் அப்படி ஒன்றோ இரண்டோ இடம் இருக்கும். கார் பழக்குகிறவருடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். இந்தச் சந்தியில் ஓர் இத்தாலிக்காரப் பெண் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். அந்தத் தபால் கந்தோருக்கு முன்னால் ஒரு பல் டொக்டர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தும்மினார். பள்ளிக்கூட வளைவில் ஒரு பாதிரியார், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டே சிவப்பு விளக்கைத் தாண்டினார். ஒரு மாதத்துக்குள் திரும்பக் கண்ட இடத்துக்கு முழுதாகச் சொல்லத் தேவையில்லையாம், நல்ல காலம். தொப்பியை ஒருக்காத் தொட்டுவிட்டு விடுவார். சில தெருக்களில் தொப்பியிலிருந்து கை இறங்கவே இறங்காது. நான் வந்து சேர்ந்த பிறகு இன்னும் சில இடங்கள் கூடின.

என் கணவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நல்லது நடந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்கிற பரம்பரை அவர். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டாள் என்றுகூடச் சத்தமாகச் சொல்ல விடமாட்டார். "இந்தாள் தெருத்தெருவா நன்றி சொல்லிக்கொண்டு திரியுது. கண்ணூறு படாதோ?" என்று கேட்பார். நானும் அந்தப் பரம்பரைதான். மகளுக்கு ஒரு வாரம் முட்டு வரவில்லையென்றால், அதை நான் மனதுக்குள்ளும் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுக்குக் கேட்டுவிடும்.

மாஸ்ரரிடம் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் மிகவும் அக்கறையாகக் கேட்டார்.

"நாவூறுக்கு என்ன செய்வீங்கள்?"

"உப்பும் செத்தல் மிளகாயும் சுத்தி, மூண்டுதரம் துப்பச் சொல்லி, நெருப்பில போடுவம்."

"மூண்டுதரமோ? எங்கட அம்மாவும் மூண்டுதரம்தான்." உடனே ஜன்னல் பக்கம் திரும்பி, தூ தூ தூ என்று எச்சில் இல்லாமல் துப்பிக் காட்டினார். "ஆனால் ஒண்டு. நாங்கள் முதல் நன்றியைச் சொல்லிப்போட்டுத்தான் துப்புறது."

ஒரு முறை பாடத்துக்கு நடுவே பெற்றோல் செட்டில் நிறுத்தச் சொல்லி டொய்லெட்டுக்குப் போனார். நான் காருக்குள் இருந்தேன். வெளியே வந்தவர், கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். உதடு அசைந்தது. மனுசனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று நான் பதறியடித்து ஓடினேன்.

"ஒண்டுமில்லை" என்றார். "இதுக்கும் ஒண்டு இருக்கு."

"எதுக்கு?"

"இதுக்குத்தான்." டொய்லெட் கதவைக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கக்கூசுக்குப் போய்வந்ததுக்கு ஒரு தோத்திரம் இருக்கிறது என்று ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்? அவரும் சிரித்தார். காரில் ஏறிய பிறகு அதன் அர்த்தத்தைச் சொன்னார். மனிதரைத் துவாரம் துவாரமாகவும் குழாய் குழாயாகவும் படைத்தவரே, அதில் திறந்திருக்க வேண்டிய ஒன்று அடைத்துக்கொண்டாலும், மூடியிருக்க வேண்டிய ஒன்று திறந்துகொண்டாலும், ஒரு மணித்தியாலமாவது எங்களால் நிற்க முடியாது. இதுதான் அது.

என் சிரிப்பு நின்றுவிட்டது. அடைத்துக்கொள்கிற குழாய் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். விசிலடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். கழுத்துக்குக் கீழே ஒரு குழி விழும். அன்றைக்கு நான் ஒரு சந்தியையும் ஒழுங்காகத் திரும்பவில்லை.

சாப்பாட்டு விசயத்தில் எங்கள் குசினியிலிருந்து அவர் ஒன்றும் தொடமாட்டார். அவர்களுக்குப் பாத்திரம், பண்டம் எல்லாவற்றுக்கும் நியமம் உண்டு. வந்தவருக்கு ஒரு வாய் கொடுக்காமல் அனுப்ப எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். பழம் என்றால் பரவாயில்லை என்றார். அந்தக் கோடையில் குயின்ஸ்லாந்திலிருந்து மாம்பழம் வந்தது. சந்தையில் தங்கம் வாங்குகிற மாதிரிப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்து ஒன்றை அவர் கையில் வைத்தேன். மனுசன் வாழ்நாளில் மாம்பழம் சாப்பிட்டதில்லை. புதுப் பழத்துக்கு ஒரு தோத்திரம் இருந்தது, எங்களை உயிரோடு வைத்திருந்து இந்த நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவருக்கு நன்றி என்று. அதைச் சொல்லி முடித்தார், ஆப்பிளைக் கடிக்கிற மாதிரித் தோலோடு கடித்தார். நானும் மகளும் வாயைத் திறப்பதற்குள் சாறு முழங்கைவரை ஓடியது. பழத்தோலின் பால் முகத்தில் பட்டு அடுத்த நாள் உதடு வீங்கியிருந்தது. "இந்தப் பழத்துக்கு இரண்டு தரம் சொல்லவேணும்" என்றார். "சாப்பிட முதல் ஒண்டு, தப்பின பிறகு ஒண்டு."

முதல் சோதனையில் நான் ஃபெயில். சோதனை எடுக்கிற பொலீஸ்காரர் பக்கத்தில் இருந்தார், மாஸ்ரர் பின் சீட்டில். மூலையில் பின்னுக்கு எடுக்கச் சொன்னபோது நான் நடைபாதையில் ஏறி, ஒரு கிழவியின் சந்தைப் பைக்கு அருகில் போய் நின்றேன். பொலீஸ்காரர் இறங்கிப் போனார். திரும்பிப் பார்த்தால் மாஸ்ரர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஃபெயிலானதுக்கும் நன்றியோ?"

"கிழவி தப்பினவ. பொலீஸ்காரர் தன்ர காலால இறங்கிப் போனவர். இன்னும் என்ன வேணும்?"

"எனக்கு லைசென்ஸ் வேணும். உங்களுக்கு எல்லாம் பகிடி. என்ர பிள்ளைக்கு மூச்சு நிண்டால் உங்கட நன்றி வந்து காப்பாத்துமோ?"

சொல்லிவிட்டு அழுதேன். அவர் இறங்கி முன்னால் வந்து இருந்து, "பின்னுக்கு எடுக்கிறதை இன்னொருக்காச் செய்வம்" என்றார். அன்று முழுவதும் கார் பின்னோக்கித்தான் போனது.

அடுத்த பாடத்தில் நான் முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கும் செய்தியைச் சொன்னேன். லைசென்ஸ் கிடைத்தால், ஊருக்குப் போகும்போது நல்லூரில் நூற்றெட்டுத் தேங்காய். அவர் ஆச்சரியத்தோடு கேட்டார்.

"கிடைக்காட்டி?"

"கிடைக்காட்டித் தேங்காய் இல்லை."

"பாவம், உங்கட கடவுள்" என்றார். "வேலையை முடிச்சாத்தான் சம்பளம். எங்கட ஆளுக்கு நாங்கள் காலமை கண் முழிச்ச உடனயே குடுக்கத் தொடங்கிறம். பிறகு பாத்தால் அவர் அரைவாசி வேலைதான் செய்திருப்பார்." இதைச் சொல்லிவிட்டு மேலே பார்த்து, "பகிடிக்குச் சொன்னனான்" என்று சேர்த்துக்கொண்டார்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் அவரை ஒரு கோமாளி என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். அவர் நன்றி சொல்லாத ஒரு இடம் இருந்தது. ரயில் கேட். எங்கள் பகுதியில் தெருவும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும், ரயில் வந்தால் கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நாள் நீளமான கூட்ஸ் ரயில் ஒன்று, மூடின பெட்டி பெட்டியாக, மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. மாஸ்ரரின் கை தொப்பிக்கும் போகவில்லை, டாஷ்போர்டுக்கும் போகவில்லை. மடியில் கிடந்தது. கடைசிப் பெட்டி போன பிறகு, "யுத்தத்தில என்ர தங்கச்சி இப்பிடி ஒண்டிலதான் போனவள்" என்றார். "அம்மாவும். நான் அண்டைக்கு வீட்டில இல்லை."

கேட் திறந்தது. எனக்குக் காரை எடுக்கத் தெரியவில்லை.

"அப்ப ஏன் நன்றி சொல்லுறீங்கள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"அதுக்கு நான் நன்றி சொல்லுறேல்லை, மிஸிஸ். அதுக்கு அவரோட சண்டை. இண்டைக்கும் சண்டை." கண்ணாடியைச் சரிசெய்தார். "சண்டை பிடிக்கிறதெண்டாலும் கதைபேச்சு இருக்கவேணுமெல்லோ. நன்றி சொல்லாட்டி அதுவும் விட்டுப்போம். கியரைப் போடுங்கோ."

இரண்டாம் சோதனைக்கு நாள் குறித்திருந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை, கணவர் ஓவர்டைம் வேலைக்குப் போயிருந்தார். காலையில் நல்ல வெயில், வடக்குக் காற்று. மகள் முற்றத்தில் விளையாடிவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். "Amma, it's coming," என்றாள். அவள் எனக்கு எப்போதும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள், முட்டு வந்தாலும் அப்படித்தான். மூச்சு மருந்துப் பம்பை அடித்தேன். நிற்கவில்லை. திரும்ப அடித்தேன். கழுத்துக் குழி விழுந்தது. விசில் சத்தம் வந்தது, பிறகு அதுவும் குறைந்தது. சத்தம் குறைவது நல்லதல்ல என்று டொக்டர் எனக்குச் சொல்லியிருந்தார்.

தெருமுனை போன் பெட்டிக்கு ஓடினேன். யாரோ ரிசீவரை வயரோடு அறுத்து வைத்திருந்தார்கள். திரும்பும்போது, யூதக் கோயில் முடிந்து சனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் மாஸ்ரர். கறுப்புக் கோட்டு, துணித் தொப்பிக்குப் பதில் நல்ல கறுப்புத் தொப்பி. நான் அவரைக் கண்டேன். கூப்பிடவில்லை.

இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஆனால் எனக்கு அது அந்த நேரத்தில் மிகச் சரியாகப் பட்டது. சனி அவர்களுக்கு ஒரு வேலையும் தொடாத ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை பொழுதுபடக் காரை நிறுத்தினால், சனி இரவு வானத்தில் நட்சத்திரம் காணும்வரை அவர் காரைத் தொடமாட்டார். கார்த் திறப்பைக்கூடப் பொக்கெட்டில் வைத்திருக்க மாட்டார். எங்கள் சட்டியில் கை வைக்காதவர், மாம்பழத்துக்கும் மந்திரம் சொல்கிறவர். கந்தசஷ்டி விரதக்காரரிடம் போய், ஒரு அவசரம், இந்த இறைச்சிக் கறிக்கு உப்புப் பாருங்கோ என்று யாராவது கேட்பார்களா? ஒரு மனுசனின் விரதத்தை முறிக்கிற பாவத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்ற எனக்குப் பயமாக இருந்தது.

பிள்ளையைத் தூக்கி முன் சீட்டில் வைத்தேன். நான் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்தேன். லைசென்ஸ் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை. பின்னுக்கு எடுத்தேன். கார் துள்ளி, வேலியை உரசி, பாதி தெருவில் போய் நின்றது. அந்தத் துள்ளலை உலகத்தில் ஒரே ஒருவர் அடையாளம் காண்பார். அவர் தன் கூட்டத்தை விட்டு ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"இறங்குங்கோ. பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு அங்கால இருங்கோ."

"இண்டைக்குச் சனிக்கிழமை," என்றேன்.

"பிள்ளை நீலமாகுது, நீங்கள் கலண்டர் பாக்கிறீங்கள். இறங்குங்கோ."

நடைபாதையில் நின்ற சனமெல்லாம் எங்களைப் பார்த்தது. வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் கையை உயர்த்தி அவர்கள் பாஷையில் ஏதோ கத்தினார். திட்டுகிறார் என்று நினைத்து எனக்கு உடம்பு கூசியது. "என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன்.

"கெதியா ஓடு எண்டு சொல்லுறார்." கார் அப்போதே தெருமுனை தாண்டியிருந்தது.

சிவப்பு விளக்குக்குக் கடல் பிரிகிறது என்று சொன்ன மனுசன், அன்றைக்கு எந்தக் கடலுக்கும் காத்து நிற்கவில்லை. ஹோர்னில் கையை வைத்தபடியே போனார். எத்தனையோ வருசமாக இடது பக்கம் இருந்து பழகியவர் அல்லவா, அவர் ஓட்டுவதைப் பார்த்தால் என்னைவிடக் கொஞ்சம்தான் திறம். நான் என் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் தேடித் தேடி மிதித்தேன். மகளுடைய தலை என் கழுத்தில் இருந்தது. "மூச்செடு குஞ்சு, மூச்செடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் கண் மேலே போயிற்று.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் காரை நிறுத்தக்கூட இல்லை, அதற்குள் நான் இறங்கி ஓடினேன். அவளை வாங்கிக்கொண்டு போனார்கள். ஊசி, ஒட்சிசன், வெள்ளைத் திரை. என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

மாஸ்ரர் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். தொப்பி கையில் இருந்தது, உள்ளே இருந்த சின்னத் தொப்பி மட்டும் தலையில். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நல்லூரானுக்கு என்னென்ன நேர்ந்தேன் என்றும் தெரியாது. பிறகு திரை விலகி ஒரு இளம் டொக்டர் வந்தார். பிள்ளை சரி என்றார். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் கஷ்டம் என்றார். உள்ளே போய்ப் பார்த்தேன். முகமூடிக்குள் அவள் வாய் திறந்து கிடந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. சத்தமே இல்லை, சாதாரணமாக ஒரு பிள்ளை நித்திரை கொள்வது மாதிரி.

வெளியே வந்தேன். மாஸ்ரர் எழும்பிக் கார்த் திறப்பை நீட்டினார்.

"இருங்கோ, என்ர அவர் வந்தவுடன வீட்டில விடச் சொல்லுறன்" என்றேன்.

"வேண்டாம். அவசரம் முடிஞ்சுது. சனிக்கிழமை திரும்ப வந்திட்டுது. நான் நடந்து போறன்."

கோல்ஃபீல்ட் அங்கிருந்து நல்ல தூரம், வெயில் வேறு. மறித்துப் பார்த்தேன், கேட்கிற ஆளில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரத்துக்கும் மனுசன் ஒரு நன்றியும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து இருந்தபோதும் சொல்லவில்லை, டொக்டர் வந்து சொன்ன பிறகும் சொல்லவில்லை.

"மாஸ்ரர், நீங்கள் இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லையே."

"இது என்ர அற்புதமில்லை" என்றார். "உங்கட. உங்கட வாயாலதான் வரவேணும்."

"எனக்கு உங்கட மந்திரமெல்லாம் தெரியாது."

"ஆர் மந்திரம் கேட்டது? நடந்ததைச் சொன்னாக் காணும்."

"சத்தமாச் சொன்னால்..." என்று இழுத்தேன்.

"தமிழில சொல்லுங்கோ. மெல்பேர்ன் பேய்க்குத் தமிழ் தெரியாது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எங்கள் பாஷையில் சொந்தக்காரருக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? புருசனுக்குச் சொன்னதில்லை, தாய் தகப்பனுக்குச் சொன்னதில்லை, முருகனுக்குத் தேங்காய்தான் கொடுத்திருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரி நடையில், போவோரும் வருவோரும் பார்க்க, வாயைத் திறந்தேன். நன்றி என்ற சொல் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"என்ர பிள்ளை மூச்சு விடுறாள்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, ஆமேன் என்றார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, நிழல் பார்த்து, வீட்டுக்கு நடக்கத் தொடங்கினார்.